ஆல்வின் பேசிய ஒரு மணி நேரம்

ரோசலிண்ட் எங்கள் அறைக்கு வந்தால் யாருக்கோ வேலை போகிறது என்று அர்த்தம். மற்ற நாளெல்லாம் மனிதவளத் துறைக்காரர்களுக்கு நாங்கள் இருப்பதே தெரியாது. கம்ப்யூட்டர் நின்றால் போன் பண்ணுவார்கள், ஓடினால் மறந்துவிடுவார்கள். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் கதவிடுக்கில் அவள் தலை தெரிந்தது.

எங்கள் அறை என்று சொல்வதே கொஞ்சம் பெருமைக்குத்தான். டியூஸ்பரி என்கிற ஊரில் கம்பளம் நெய்து விற்கும் கம்பெனி இது. மாடியில் கண்ணாடிச் சுவர், காபி இயந்திரம், தொட்டியில் செடி என்று சகல மரியாதையோடும் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். கம்ப்யூட்டர் கோளாறு பார்க்கும் எங்கள் மூன்று பேரை மட்டும் லாரி வந்து நிற்கும் பக்கமாக, கம்பள மாதிரித் துண்டுகள் அடுக்கிய கிடங்குக்குள் தள்ளிவிட்டார்கள். பசை வாடையிலேயே இருந்து இருந்து எனக்கு மூக்கே செத்துப் போய்விட்டது.

ரோசலிண்ட் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, விஷயத்தைச் சொன்னாள். ஆர்டர் எடுக்கும் பிரிவை மூடுகிறார்கள். அதில் மிச்சமிருக்கும் ஒரே ஆளான மாக்சீன் ஓல்ட்ராய்டை மாலை நான்கு மணிக்குக் கூப்பிட்டு வேலை இல்லை என்று சொல்லப்போகிறார்கள். அவள் உள்ளே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுடைய கம்ப்யூட்டர் கணக்கை நாங்கள் மூடிவிட வேண்டும். வெளியே வந்து எதையும் தொடக்கூடாது பாருங்கள், அதற்காக. அதுவரை யாரும் மூச்சு விடக்கூடாது, விட்டால் அடுத்து மூடவேண்டியது எங்கள் கணக்குகளாகத்தான் இருக்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வேறு யாராக இருந்தாலும் பாவம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு டீ போடப் போயிருப்பேன். ஆனால் மாக்சீன். அந்தக் கட்டடத்தில் எதுவும் ரிப்பேர் ஆகாமல் எங்களைப் பார்க்க வருகிற ஒரே மனுஷி. வெள்ளிக்கிழமை தோறும் தகரப் பெட்டியில் ஏதாவது சுட்டுக்கொண்டு வந்து, கம்பளச் சுருள் மேல் உட்கார்ந்து, தன் மகளைத் திட்டுவாள், மழையைத் திட்டுவாள், கடைசியில் எங்களையும் திட்டிவிட்டுப் போவாள். அவள் போன பிறகு கொஞ்ச நேரத்துக்கு அந்த அறை மனிதர்கள் இருக்கிற இடம் மாதிரி இருக்கும்.

என்னோடு வேலை பார்க்கும் இருவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆல்வின் ஐம்பதை நெருங்குகிறவன். ஆளைப் பார்த்துப் பேசமாட்டான். போன் அடித்தால் எடுக்கமாட்டான், மணி ஓய்ந்த பிறகு அவர்களுக்கு மெயில் எழுதுவான். பேசினால் அதைவிட ஆபத்து, ஏனென்றால் அவனுக்குப் பொய் வராது. ஒருமுறை எங்கள் டைரக்டர் மேடையில் படம் போட்டுப் பேசிவிட்டு இறங்கி, எப்படி இருந்தது என்று இவனிடம் கேட்டுத் தொலைத்தார். மூன்றாவது படத்திலிருந்து யாரும் கேட்கவில்லை என்று பதில் சொன்னான். இம்தியாஸ் நேர் எதிர். முப்பது வயசு, இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், மனசில் தோன்றுவது தோன்றின மறு நொடியே உரத்த குரலில் வெளியே வந்துவிடும். அவன் வாயை அடைக்க வேண்டுமானால் அதில் எதையாவது போட்டுவைக்க வேண்டும். இந்த இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஒரு ரகசியத்தை மாலை வரை காப்பாற்ற வேண்டும் என்பது என் தலையெழுத்து.

இம்தியாஸ் முனகிக்கொண்டே, எல்லோருடைய கணக்குகளையும் பார்த்துக்கொள்ளும் பழைய இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, நான்கு மணிக்கு மாக்சீனின் கணக்கு தானாக மூடிக்கொள்ளும்படி கட்டளை போட்டுவைத்தான். அதன் பிறகு யாருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஆல்வின் ஒரே வயரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தான். நான் டீ போட்டேன், குடிக்க மறந்தேன், ஆறிப்போனதைக் கொட்டிவிட்டு மறுபடி போட்டேன்.

மத்தியானம் மாக்சீன் வந்தாள். வாணவேடிக்கை நாள் வரப்போகிறது என்று இஞ்சியும் ஓட்ஸும் போட்ட பார்க்கின் கேக் சுட்டிருந்தாள். வழக்கமாக உட்காரும் சுருளில் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு சமாசாரம் இருக்கிறது என்றாள். பக்கத்து ஊரான வேக்ஃபீல்டில் ஒரு பெரிய செடிப் பண்ணையில் சும்மா பொழுது போகாமல் வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நேரில் கூப்பிட்டுப் பேசியும் விட்டார்கள். வேலை உனக்குத்தான், வருகிறாயா இல்லையா என்று இன்று நாலு மணிக்குள் சொல் என்று மெயில் வந்திருக்கிறதாம். அதற்கு ஆபீஸ் மெயில் முகவரியையே கொடுத்திருக்கிறாள், கெட்டிக்காரி.

"வேண்டாம்னு எழுதிடலாம்னு இருக்கேன்," என்றாள். "இத்தனை வருஷம் இங்கயே குப்பை கொட்டியாச்சு. உங்க மூணு பேரையும் விட்டுட்டு அங்க போய் ரோஜாச் செடிக்கா விலை சொல்லிட்டு இருக்கப்போறேன்?"

சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தாள். போகாதே என்றோ, போய்த் தொலை என்றோ யாராவது ஒருவர் சொல்ல வேண்டிய இடம் அது. இம்தியாஸ் கையிலிருந்த கேக் முழுவதையும் வாய்க்குள் அடைத்துக்கொண்டான், கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆல்வின் விசைப்பலகையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். நான், இந்தக் குழுவின் தலைவி, மழை வரும் போலிருக்கிறது என்றேன்.

மாக்சீன் மடியில் விழுந்திருந்த கேக் துகளைத் தட்டிவிட்டாள். உங்களுக்கு வேலை இருக்கும், நான் வேற என்று சொல்லி எழுந்தாள். தகரப் பெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போனாள். அவள் முகம் போன விதம் எனக்குச் சரியாகப் படவில்லை, ஆனால் அப்போது எனக்கு இருந்த பதற்றத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கதவு மூடியதும் ஆல்வின் சொல்லிவிடலாம் என்றான். எனக்குக் கோபம் வந்தது. அவளிடம் சொன்னால் அவள் நேரே மேலே போய்க் கத்துவாள், அடுத்த அரை மணியில் நாம் மூவரும் தெருவில் நிற்போம் என்றேன். கோபத்தில் அவளே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் கம்பெனி அவளுக்குத் தரவேண்டியதும் கையைவிட்டுப் போய்விடும். ஆகவே நாம் வாயைத் திறக்கவும் கூடாது, அவள் அந்த 'வேண்டாம்' மெயிலை நாலு மணிக்குள் அனுப்பவும் கூடாது. நாலு மணிக்கு இந்த வேலை போனதும் அவளே அந்த வேலையைப் பிடித்துக்கொள்வாள். இம்தியாஸ் அது எப்படி முடியும் என்று கேட்டான். எனக்கும் தெரியவில்லை. அவளிடம் தனியாகப் போய், அவசரப்படாதே, நிதானமாக எழுது என்று பட்டும் படாமல் சொல்லிப் பார்க்கலாம் என்று மாடிக்கு ஏறினேன். காபி இயந்திரத்தின் பக்கத்தில் ரோசலிண்ட் நின்றுகொண்டிருந்தாள். இறங்கினேன். மறுபடி ஏறினேன், மறுபடி அவளே. ஒரு மனுஷிக்கு அவ்வளவு காபி எதற்கு என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே திரும்பி வந்தேன்.

மூன்று மணிக்கு என் போன் அடித்தது. மாக்சீன்.

"க்ளெனிஸ், என்னை உள்ளயே விடமாட்டேங்குது. கணக்கு மூடியிருக்குன்னு வருது. நாலு மணிக்குள்ள அந்த மெயிலைப் போட்டாகணும், சீக்கிரம் யாரையாவது அனுப்பு கண்ணு."

 போனைப் பொத்திக்கொண்டு இம்தியாஸைப் பார்த்தேன். அவன் பழைய இயந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்தான். அதில் மணி நான்கு.

இந்த நாட்டில் வருஷத்துக்கு இரண்டு தடவை எல்லோரும் சேர்ந்து கடிகாரத்தைத் திருகுவார்கள். போன ஞாயிறுதான் ஒரு மணி நேரம் பின்னால் வைத்தது. எல்லா இயந்திரமும் தானாகத் திருப்பிக்கொள்ளும், இந்தக் கிழட்டுச் சனியனைத் தவிர. அதைத் தானாகத் திருப்பிக்கொள்ள விட்டால் ஞாயிறு விடியற்காலையில் ஓடவேண்டிய வேலையையெல்லாம் இரண்டு தடவை ஓட்டிவிடும். அதனால் திங்கட்கிழமை வந்ததும் கையால் திருப்புவது எங்கள் வழக்கம். ஆல்வின் திருப்பியிருப்பான் என்று இம்தியாஸ் இருந்துவிட்டான், இம்தியாஸ் திருப்பியிருப்பான் என்று ஆல்வின் இருந்துவிட்டான். ஒரே அறையில் முதுகோடு முதுகு முட்ட உட்கார்ந்திருக்கிற இரண்டு பேர், ஒருவனை ஒருவன் கேட்டுக்கொள்ளவில்லை.

யாரையாவது அனுப்புகிறேன் என்று சொல்லி வைப்பதற்குள் ரோசலிண்டின் போன். மாக்சீன் தளம் முழுக்கக் கேட்கும்படி புலம்பிக்கொண்டிருக்கிறாளாம், அவளுக்குச் சந்தேகம் வருவதற்குள் உடனே திறந்துவிடு, நீ என் அறைக்கு வந்து இது எப்படி நடந்தது என்று விளக்கு என்றாள். சரி என்றேன்.

போனை வைத்ததும் இம்தியாஸ், "திறக்காம விட்டா என்ன?" என்றான்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மத்தியானத்திலிருந்து நான் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் தானாக வந்து மடியில் விழுந்திருந்தது. கணக்கு மூடிக் கிடந்தால் மெயில் போகாது. ஆனால் அவளிடம் கைப்பேசி இருக்கிறது, வேக்ஃபீல்டுக்கு ஒரு போன் போட்டால் முடிந்தது. யாராவது பக்கத்தில் இருந்து நாலு மணி வரை அவளைப் பேச்சிலேயே பிடித்துவைக்க வேண்டும். நான் ரோசலிண்டிடம் போக வேண்டும். இம்தியாஸை அனுப்பினால் இரண்டாவது நிமிஷம் எல்லாவற்றையும் கக்கிவிடுவான். மிச்சம் ஆல்வின்.

ஆல்வினின் முகத்தில் ரத்தமே இல்லை. தனக்குப் பொய் சொல்ல வராது என்றான்.

"யாருடா உன்னைப் பொய் சொல்லச் சொன்னா? வேலை பாக்கற மாதிரி பாத்துக்கிட்டே பேசிட்டே இரு, அவ்வளவுதான்."

"என்ன பேசறது?"

"எதையாவது பேசு. மனுஷங்க பேசறதில்லையா?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான், மனிதர்கள் என்ன பேசுகிறார்கள் என்று நிஜமாகவே நினைவுபடுத்திப் பார்ப்பவன் போல. பிறகு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

அங்கே நடந்ததில் பாதியை ரோசலிண்டின் கண்ணாடி அறைக்குள்ளிருந்து நானே பார்த்தேன். மீதியைப் பக்கத்து மேஜைக்காரர்கள் பல நாள் சொல்லிச் சொல்லி மாய்ந்தார்கள். ஆல்வின் நேரே மாக்சீனின் மேஜைக்கு அடியில் புகுந்து கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தான். ரிப்பேரா என்று கேட்டிருக்கிறாள். இன்னும் இல்லை என்று சொல்லி, உள்ளிருந்து ஒரு துண்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இப்ப ஆயிடுச்சு," என்றானாம். பொய் சொல்லாமல் சமாளிக்க அவனுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

மாக்சீன் கைப்பையைத் துழாவத் தொடங்கியதும் அவன் மேஜைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, தன்னிடம் ஓர் ஆமை இருக்கிறது என்றான். அவள் கை நின்றது. அதை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன் என்றான்.

"ஐயோ, செத்துப் போச்சா?"

"இல்ல, தூங்குது. குளிர்காலம் முழுக்கத் தூங்கும். வெளிய வெச்சா பாதியில முழிச்சிடும். தினமும் கதவைக் கொஞ்ச நேரம் திறந்து வெக்கணும், காத்துக்காக."

சுற்றியிருந்த எல்லோரும் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்களாம். பல வருஷமாக அந்தத் தளத்தில் நடந்து போகும்போது சுவரோரமாகவே போகிறவன், இப்போது தரையில் உட்கார்ந்து ஆமை தூங்குவதற்கு முன் அதை எப்படிக் குளிப்பாட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தான். மாக்சீன் நாற்காலியிலிருந்து இறங்கி அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். ஆமைக் கதை முடிந்ததும் அவனுக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை. தன் அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அந்த ஆமை அம்மாவுடையது. அவள் இறந்த செய்தி போனில்தான் வந்தது, ஆபீஸ் போனில், அவன் யாருக்கோ பிரிண்டர் சரிசெய்து கொடுத்துக்கொண்டிருந்தபோது. அதற்குப் பிறகு மணி அடித்தால் கை போகமாட்டேன் என்கிறது என்றான். இத்தனை காலம் அவனோடு ஒரே அறையில் இருந்தேன், அவன் திமிர் பிடித்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அந்த நேரம் முழுக்க ரோசலிண்டின் எதிரில் உட்கார்ந்து, அவளுக்குப் புரியாத வார்த்தைகளாகப் பொறுக்கியெடுத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு உள்ளூரக் குஷி. மணி நான்கானதும் அவள் ஜாக்கெட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து வெளியே போனாள், மாக்சீனின் தோளைத் தொட்டு ஏதோ சொன்னாள். மாக்சீன் தரையிலிருந்து எழுந்து, பாவாடையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டு, அவள் பின்னால் நடந்தாள். ஆல்வின் பெட்டியை மூடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.

கீழே வந்ததும் இம்தியாஸ் ஆல்வினின் முதுகில் தட்டினான். எனக்கே கொஞ்சம் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. ஒருத்தியின் வேலையை எங்களால் காப்பாற்ற முடியாது, ஆனால் அடுத்த வேலையை உதறிவிடாமல் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தேன். இம்தியாஸ் மிச்சமிருந்த பார்க்கினை மூன்றாக வெட்டினான். ஆல்வின் தொடவில்லை.

வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. தெருப் பிள்ளைகள் அவசரப்பட்டு வெடி போட ஆரம்பித்திருந்தார்கள். மாக்சீன் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள், கையில் ஒரு கடைப் பை, அதில் அவளுடைய குவளையும் செருப்பும் மகளின் போட்டோவும். அழுது முடித்த முகம். யாரையும் பார்க்காமல் ஆல்வினிடம் போனாள்.

"தெரிஞ்சுதான் அத்தனை நேரம் பேசினியா?"

"ஆமா."

"எப்பலேருந்து தெரியும்?"

"காலைலேருந்து."

"நான் கேக் கொண்டாந்தப்பவே."

"ஆமா," என்றான் ஆல்வின்.

எனக்குப் பொறுக்கவில்லை. குறுக்கே புகுந்து, உன் நல்லதுக்குத்தான் செய்தோம், நீ பாட்டுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டு இரண்டும் இல்லாமல் நிற்பாயே என்று படபடவென்று சொல்லி முடித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"வேண்டாம்னா? நான் வரேன்னு எழுதத்தாண்டி உக்காந்தேன்."

இம்தியாஸ் மெல்லுவதை நிறுத்தினான்.

"மத்தியானம் உங்க மூஞ்சியைப் பாத்தேன். போகாதேன்னு ஒரு வார்த்தை வரல. ஒருத்தன் கீபோர்டைத் தட்டறான், நீ மழைங்கற. சரி, இவங்களுக்கு நம்மளைக் கண்டா சலிச்சுப் போச்சு, வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வந்து உக்காந்து கழுத்தறுக்கறோம் போலிருக்குன்னு நினைச்சேன். மேல போய்க் கொஞ்சம் அழுதேன். அப்புறம் வரேன்னு எழுதலாம்னு உக்காந்தா உள்ள விடமாட்டேங்குது."

அந்த ஒரு மணி நேரத்தில் ஒரு போன் போட்டிருக்கலாமே என்று இம்தியாஸ் கேட்டுவிட்டான், மடையன்.

"எப்படிப் போடறது? வாயே திறக்காதவன் திறந்திருக்கான். செத்துப்போன அம்மாவைப் பத்திச் சொல்லிட்டு இருக்கான். கொஞ்சம் இருப்பா, ஒரு போன் பண்ணிட்டு வரேன்னு எந்திரிச்சுப் போகச் சொல்றியா?"

மணி ஐந்தை நெருங்கியிருந்தது.  அவளுக்கு இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. இல்லாமல் செய்தது நாங்கள், அதுவும் பாசத்தில். அவளை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். எங்களில் யாருக்கும் அது தோன்றவே இல்லை. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

ஆல்வின் தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தான். மூடிய கணக்கைத் திறந்தான், அவளுடைய மெயிலுக்குள் போனான், வேக்ஃபீல்டு பண்ணையின் போன் நம்பரைக் கண்டுபிடித்தான். பிறகு தன் மேஜை மேலிருந்த போனை எடுத்தான். அந்தக் கருவியை அவன் கையில் நான் பார்த்ததே இல்லை. காதுவரை கொண்டுபோனதை மேஜையிலேயே போட்டு, சத்தமாகக் கேட்கும் பொத்தானை அழுத்தினான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம், யார் இருப்பார்கள்? கடைசியில் ஒரு பெண் குரல் வந்தது, அலுவலகம் மூடிவிட்டது, செய்தி இருந்தால் சொல்லுங்கள் என்ற பதிவு.

"என் பேரு ஆல்வின் ஹெய்க்," என்றான் போனைப் பார்த்து. "மாக்சீன் ஓல்ட்ராய்ட் நாலு மணிக்குள்ள பதில் போடல. அதுக்கு அவங்க காரணம் இல்ல. அவங்க கம்ப்யூட்டரை நான் பிரிச்சுப் போட்டேன். வேணும்னேதான். அவங்க உங்ககிட்ட வேண்டாம்னு சொல்லப்போறாங்கன்னு நினைச்சு அப்படிச் செஞ்சேன். அவங்களைக் கேக்கல. எங்களுக்கு யாரையும் கேட்டுப் பழக்கம் இல்ல. அவங்க வரேன்னுதான் எழுத இருந்தாங்க."

நிறுத்தினான். முடித்துவிட்டான் என்று நினைத்தேன். அவன் மாக்சீனைப் பார்க்கவில்லை.

"எங்க ரூமுக்கு யாரும் சும்மா வரமாட்டாங்க. இவங்க வருவாங்க. இவங்க பேசிட்டுப் போனா அதை வெச்சுக்கிட்டு நான் சனி, ஞாயிறை ஓட்டிடுவேன். இவங்க இங்கயே இருக்கணும்னுதான் எனக்கு ஆசை. ஆனா இங்க இவங்களை அனுப்பிட்டாங்க. நீங்க எடுத்துக்கலைன்னா நஷ்டம் உங்களுக்குத்தான். இது பொய் இல்ல, எனக்குப் பொய் வராது."

மாக்சீன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். போனில் ஏதோ கரகரத்தது. கோட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன், மணிச் சத்தம் கேட்டும் எடுக்க வேண்டாம் என்றுதான் நின்றேன், நீங்கள் சொல்வது பதிவாவது காதில் விழுந்தது என்று நிஜக் குரல் ஒன்று சொன்னது. பேர் பௌலா, அந்தப் பண்ணையை நடத்துகிறவள். பதில் வராததால் திங்கட்கிழமை காலை வேறு ஒருத்திக்கு வேலையைக் கொடுப்பதாக இருந்தாளாம். மாக்சீன் பக்கத்தில் இருக்கிறாளா என்று கேட்டாள்.

"இருக்கேன்," என்றாள் மாக்சீன்.

"வர்றீங்களா?"

மாக்சீன் ஆல்வினைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வருகிறேன் என்றாள். எப்போது வரவேண்டும், எங்கே வண்டியை நிறுத்தவேண்டும், ரப்பர் பூட்ஸ் வாங்க வேண்டுமா என்று இருவரும் பேசிக்கொண்டது எதுவும் என் காதில் ஏறவில்லை.  இம்தியாஸ் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான், அவன் தோள் குலுங்கியது.

போனை வைத்த கொஞ்ச நேரத்தில் ரோசலிண்ட் வந்துவிட்டாள். அவளுடைய திரையில் மாக்சீனின் கணக்கு திறந்திருப்பதாகக் காட்டியிருக்கிறது. இதென்ன கூத்து, போன ஆளின் கணக்கு ஏன் இன்னும் திறந்திருக்கிறது, இப்போதே என் கண்ணெதிரில் மூடு என்றாள். நாங்கள் மூன்று பேர் நிற்கிறோம், மாக்சீனும் நிற்கிறாள், அவள் அங்கே இருப்பதையே பார்க்காதவள் போல் ஆல்வினிடம் சொன்னாள்.

ரோசலிண்டின் பார்வைக்கு நேரே போய் நின்றேன். மாக்சீனுக்குச் செய்ததை அவள் முகத்தைப் பார்த்துப் பேசு, உன் காபியும் நீயும் என்று ஆரம்பித்து, என்னென்னவோ சொன்னேன். அதற்காகத் திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்கள், அதைப் பற்றி எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ரோசலிண்ட் உதட்டை இறுக்கிக்கொண்டு ஆல்வினையே பார்த்தபடி நின்றாள்.

ஆல்வின் திரைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். மாக்சீனின் பெயர் அதில் இருந்தது, அதன் கீழே மூடவா என்ற கேள்வி. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இப்படி எத்தனையோ பெயர்களை அவன் மூடியிருக்கிறான், சாண்ட்விச்சைக்கூடக் கீழே வைக்காமல். இன்று இரண்டு கையும் மடியிலேயே கிடந்தன. என்னால் முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னான், யாரிடம் என்று இல்லாமல்.

மாக்சீன் பையைத் தரையில் வைத்தாள். அவன் தோளுக்கு மேலாகக் குனிந்து, தன் பெயரை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, விரலை நீட்டி அந்தப் பொத்தானை அழுத்தினாள். பெயர் மங்கிப்போனது.

"சரியாப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள்.

ஆல்வின் தலையைத் திருப்பி, முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

"சரியாத்தான் பண்ணியிருக்கீங்க," என்றான்.